விலை எட்டாயிரம் பவுண்டு, வாரச் சம்பளம் எட்டு பவுண்டு: ஜிம்மி டன்னும் அக்காலக் கால்பந்து முறையும்

2015 நவம்பரில் லெஸ்டர் சிட்டியின் ஜேமி வார்டி தொடர்ந்து 11 பிரீமியர் லீக் ஆட்டங்களில் கோல் அடித்தபோது, அதை வரலாற்றுச் சாதனை என்று உலகமே கொண்டாடியது. பிரீமியர் லீக் என்ற பெயர்தான் 1992-இல் வந்தது என்றும், இங்கிலாந்தில் முதல்நிலை லீக் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பிருந்தே நடந்துவருகிறது என்றும் சிலர் நினைவூட்டிய பிறகே, 1931–32 பருவத்தில் தொடர்ந்து 12 ஆட்டங்களில் கோல் அடித்த ஜிம்மி டன் என்ற டப்ளின்காரரின் பெயர் மீண்டும் பேச்சுக்கு வந்தது. வார்டி அடுத்த ஆட்டத்தில் கோல் அடிக்கவில்லை. ஆகவே டன்னின் எண்ணிக்கை அப்படியே நின்றது.

பெயரோடு சேர்ந்து சில தவறான புரிதல்களும் வந்தன. 1933-இல் 8,250 பவுண்டுக்கு அவர் வாங்கப்பட்டார் என்று படிப்பவர், அந்தக் காலத்திலேயே அவர் பெரும் பணக்காரராகியிருப்பார் என்று நினைக்கிறார். இரண்டு அயர்லாந்து அணிகளுக்கும் ஆடினார் என்று படிப்பவர், நடுவில் நாடு மாறினார் போலும் என்று முடிவுகட்டுகிறார். இரண்டும் தவறு. தவறு எங்கே நேர்கிறது என்பதைப் பார்க்க, அவருடைய கோல் கணக்கை மட்டும் பார்த்தால் போதாது. ஆட்டக்காரர் என்பவர் யாருக்குரியவர் என்று அக்காலக் கால்பந்து கருதியது என்பதை அறிய வேண்டும். இக்கட்டுரை அதைத்தான் விளக்க முயல்கிறது.

ரிங்ஸெண்டிலிருந்து ஷெஃபீல்டுக்கு

ஜிம்மி டன் 1905-இல் டப்ளினின் துறைமுகப் பகுதியான ரிங்ஸெண்டில் பிறந்தார். இளமையில் அவர் ஆடியது நாம் இன்று கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அல்ல. பந்தைக் கையாலும் பிடித்து உதைக்கும் கேலிக் கால்பந்து. அது அயர்லாந்தின் சொந்த ஆட்டம். அதை நடத்திய கேலிக் விளையாட்டுச் சங்கம், தன் உறுப்பினர்கள் ஆங்கிலேயர் கொண்டுவந்த கால்பந்தையோ ரக்பியையோ ஆடவே கூடாது என்று தடை விதித்திருந்தது; பார்க்கப் போவதும் குற்றமே. அயர்லாந்து உள்நாட்டுப் போரின்போது (1922–23) குடியரசுத் தரப்பை ஆதரிப்பவர் என்று சந்தேகிக்கப்பட்டுப் பதின்பருவத்திலேயே அவர் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார். அங்கேதான் அவருக்கு ஆங்கிலேயரின் கால்பந்து நன்கு பழக்கமானது. ஆங்கிலேய ஆட்சியோடு செய்த உடன்பாட்டை எதிர்த்த தரப்பின் கைதி ஒருவர், ஆங்கிலேயரின் ஆட்டத்தைச் சிறை முகாமில் கற்றுக்கொண்டு, பிறகு இங்கிலாந்திலேயே அதைத் தொழிலாக்கிக்கொண்டார் என்பது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று.

விடுதலைக்குப் பின் அவர் டப்ளினின் ஷாம்ராக் ரோவர்ஸ் கழகத்தில் சேர்ந்தார். 1925-இன் பிற்பகுதியில் இங்கிலாந்தின் வடமேற்குக் கரையிலிருந்த நியூ பிரைட்டன் என்ற சிறு கழகம் அவரை எடுத்தது. சில ஆட்டங்கள்தான் ஆடியிருப்பார். 1926 பிப்ரவரியில் முதல் டிவிஷன் கழகமான ஷெஃபீல்டு யுனைடெட் அவரைத் தன்னிடம் கொண்டுவந்தது.

அங்கே முதல் மூன்று பருவங்கள் பெரும்பாலும் இரண்டாம் அணியில் கழிந்தன. பிறகு 1929–30-இல் 36 லீக் கோல்கள்; 1930–31-இல் 41; அதற்கடுத்த பருவத்தில் 33. அந்த 41 இன்றும் அக்கழகத்தின் ஒரு பருவச் சாதனையாக உள்ளது. ஆனால் அந்த ஆண்டு லீக்கில் மிக அதிகக் கோல் அடித்தவர் அவர் அல்லர். ஆஸ்டன் வில்லாவின் போங்கோ வாரிங் 49 அடித்தார். இந்த எண்கள் நம்ப முடியாதவையாகத் தோன்றினால் அதற்கு ஒரு காரணம் உண்டு. 1925-இல் ஆஃப்சைடு விதி மாற்றப்பட்டது. அதற்கு முன், பந்தைப் பெறப்போகும் தாக்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும். பின்னர் இருவர் போதும் என்றாயிற்று. தடுப்பாட்டம் தன்னைச் சரிசெய்துகொள்ளச் சில ஆண்டுகள் பிடித்தன. இடைப்பட்ட காலம் நடு முன்கள வீரர்களின் பொற்காலம். டன்னின் தலையடித் திறனை இது குறைத்துச் சொல்வதாகாது. காலமும் அவருக்குத் துணை நின்றது என்பதே பொருள்.

மாற்றுச் சான்றிதழ் போன்ற ஒரு சீட்டு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒரு மாணவர் பள்ளி மாற வேண்டுமானால், பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். அது இல்லாமல் புதிய பள்ளி சேர்த்துக்கொள்ளாது. இனி இப்படிக் கற்பனை செய்து பாருங்கள்: அந்தச் சான்றிதழைத் தரலாமா வேண்டாமா என்பது முழுக்க முழுக்கப் பழைய பள்ளியின் விருப்பம், வேண்டுமானால் அதை அடுத்த பள்ளிக்கு விலைக்கு விற்கலாம், அந்த விலையில் மாணவருக்குப் பங்கு கிடையாது, மாணவர் பள்ளிக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் சான்றிதழ் பழைய பள்ளியின் அலமாரியிலேயே இருக்கும்.

கால்பந்தில் அந்தச் சான்றிதழின் பெயர் பதிவு. எந்த ஆட்டக்காரர் எந்தக் கழகத்துக்காக லீக்கில் ஆடலாம் என்பதற்கான அதிகாரபூர்வ உரிமைதான் பதிவு. இது ஆட்டக்காரரின் கையில் இல்லை. கழகத்தின் கையில் இருந்தது. வேலை ஒப்பந்தமோ பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். ஒப்பந்தம் முடிந்தாலும் பதிவு முடியாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தவறுவதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர்.

ஒவ்வொரு பருவ முடிவிலும் கழகம் இரண்டு பட்டியல்கள் தயாரிக்கும். யாரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள விரும்புகிறதோ அவர்கள் பெயர் தக்கவைப்புப் பட்டியலில் இருக்கும். யாரை விற்க விரும்புகிறதோ அவர்கள் பெயர், கேட்கும் விலையோடு மாற்றுப் பட்டியலில் இருக்கும். முதல் பட்டியலில் உள்ளவர் கழகம் சொல்லும் சம்பளத்தை ஏற்க மறுக்கலாம். ஆனால் மறுத்தால் லீக்கின் வேறு எந்தக் கழகமும் அவரைச் சேர்க்க முடியாது. சொந்தக் கழகமும் அவருக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை. இரண்டாம் பட்டியலில் உள்ளவர், சொன்ன விலையைக் கொடுக்க யாரும் முன்வராவிட்டால் நடுத்தெருவில் நிற்பார்.

இது சட்டப்படி செல்லுமா என்று ஒருவர் கேட்டுப் பார்த்தார். கிங்கபி என்ற ஆட்டக்காரருக்கு ஆஸ்டன் வில்லா மிக அதிக விலை குறித்ததால் வேறு கழகத்துக்குப் போக வழியில்லாமல் போயிற்று. ஆட்டக்காரர் சங்கத்தின் ஆதரவோடு அவர் தொடுத்த வழக்கு 1912-இல் தோற்றது. அந்தத் தோல்விக்குப் பிறகு அரை நூற்றாண்டு வரை இந்த முறையை நீதிமன்றத்தில் அசைக்க முடியவில்லை. டன் ஆடிய காலம் முழுவதும் அந்த நிழலில்தான் கழிந்தது.

இதுவரை வந்த செய்தியை இப்படிச் சுருக்கலாம்: ஒப்பந்தம் ஆண்டுதோறும் முடியும், பதிவு முடியாது, பதிவு கழகத்தின் சொத்து, ஆட்டக்காரர் மறுக்கலாம், ஆனால் வேறெங்கும் போக முடியாது. ஷெஃபீல்டில் டன் மூன்று பருவங்கள் இரண்டாம் அணியில் காத்திருந்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். அவர் பொறுமைசாலியாகவே இருந்திருக்கலாம். இல்லாவிட்டாலும் காத்திருந்துதான் ஆக வேண்டும்.

எட்டாயிரத்து இருநூற்றைம்பது பவுண்டு யாருக்குப் போனது?

ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு இங்கே ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. அந்த ஏலத்தில் ஒருவருக்குச் சொல்லப்படும் தொகை அவருடைய சம்பளம். பழைய ஆங்கிலக் கால்பந்தில் ஒருவருக்குச் சொல்லப்படும் தொகை, அவருடைய பதிவை விட்டுக்கொடுப்பதற்காக ஒரு கழகம் இன்னொரு கழகத்துக்குச் செலுத்துவது. இதற்கு மாற்றுத்தொகை என்று பெயர். 1928-இல் போல்டனிலிருந்து டேவிட் ஜாக்கை ஆர்சனல் வாங்கியபோது இந்தத் தொகை முதன்முறையாகப் பத்தாயிரம் பவுண்டைக் கடந்தது. 1933 செப்டம்பரில் டன்னுக்காக அதே ஆர்சனல் 8,250 பவுண்டு கொடுத்தது. முழுவதும் ஷெஃபீல்டு யுனைடெட்டின் கணக்கில் சேர்ந்தது. கழகம் மாறும் ஆட்டக்காரருக்குச் சேர்க்கைத் தொகையாக விதி அனுமதித்தது 10 பவுண்டு.

சம்பளத்துக்கும் ஒரு கூரை போடப்பட்டிருந்தது. ஒரு தெருவிலுள்ள எல்லா உணவகக்காரர்களும் கூடி, எவ்வளவு கைமணம் உள்ள சமையல்காரரானாலும் இவ்வளவுக்கு மேல் யாரும் தரக்கூடாது என்று தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டால் எப்படி இருக்கும்? அதுதான் ஊதிய உச்சவரம்பு. 1901-இல் வாரத்துக்கு 4 பவுண்டு என்று தொடங்கியது. முதல் உலகப் போருக்குப் பின் 9 வரை உயர்ந்து, 1922-இல் ஆட்டப் பருவத்தில் வாரம் 8 பவுண்டு, கோடை விடுமுறையில் 6 பவுண்டு என்று குறைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் வரை அதுவே நிலைத்தது. வென்றால் 2 பவுண்டு, சமனில் முடிந்தால் 1 பவுண்டு கூடுதலாகத் தரலாம். ஐந்தாண்டுகள் ஒரே கழகத்தில் இருந்தவருக்குப் பலன் தொகை என்று ஒன்றையும் தரலாம். ஆனால் அது கழகத்தின் விருப்பமே தவிர ஆட்டக்காரரின் உரிமை அல்ல.

ஒரு சிறு கணக்கு போடுவோம். 37 வாரம் 8 பவுண்டு, 15 வாரம் 6 பவுண்டு என்றால் ஆண்டுக்கு 386 பவுண்டு. உச்சவரம்பை முழுமையாகப் பெற்ற ஓர் ஆட்டக்காரர், 8,250 பவுண்டை அடிப்படைச் சம்பளமாகச் சேர்க்க இருபத்தொரு ஆண்டுகளுக்கு மேல் ஆட வேண்டும். எந்த முழங்காலும் அதைத் தாங்காது.

எனினும், ஆட்டக்காரர்கள் அன்று பட்டினி கிடந்தார்கள் என்று மறுபக்கம் சாய்ந்துவிடக் கூடாது. தொழிற்சாலை வேலைக்காரர் ஒருவருக்கு வாரம் 3 பவுண்டு கிடைப்பதே நல்ல சம்பளமாக இருந்த, வேலையின்மை கடுமையாக இருந்த முப்பதுகளில், 8 பவுண்டு என்பது தெருவே பொறாமைப்படும் வருமானம். எல்லா ஆட்டக்காரர்களுக்கும் அது கிடைக்கவும் இல்லை. உச்சவரம்பு என்பது மேல் எல்லை மட்டுமே. வரம்பை மீறி மறைவாகப் பணம் தருவதும் நடந்தது. அப்படிப்பட்ட குற்றச்சாட்டில் கணக்குப் புத்தகங்களைக் காட்ட மறுத்த லீட்ஸ் சிட்டி கழகம் 1919-இல் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது.

பெரிய கழகம், சிறிய பங்கு

டன்னை விற்ற பருவத்திலேயே ஷெஃபீல்டு யுனைடெட் பட்டியலின் அடியில் முடிந்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. ஆர்சனலோ அதே பருவத்தில் லீக் பட்டம் வென்றது. மேலோட்டமாகப் பார்த்தால் ஆட்டக்காரர் சரியான நேரத்தில் கப்பல் மாறினார் என்று தோன்றும். ஆனால் அவருடைய தனிக்கணக்கு வேறுவிதமாக இருந்தது. அவரைக் கொண்டுவந்த மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் 1934 ஜனவரியில் திடீரென்று இறந்தார். மார்ச்சில் சௌத்தாம்ப்டனிலிருந்து டெட் டிரேக் என்ற இளைஞர் அதே இடத்துக்கு வாங்கப்பட்டார். டன் அந்தப் பருவத்தில் 21 லீக் ஆட்டங்களில் 9 கோல் அடித்திருந்தார். டிரேக் அடுத்த பருவத்தில் 42 அடித்தார். அதன் பிறகு டன்னுக்கு முதல் அணியில் ஏறக்குறைய இடமே இல்லை. ஷெஃபீல்டில் 173 லீக் ஆட்டங்களில் 143 கோல் அடித்தவர், ஆர்சனலில் இருந்த ஏறத்தாழ மூன்றாண்டுகளில் ஆடியது 28 லீக் ஆட்டங்கள், கோல்கள் 10.

இன்றைய நட்சத்திரம் ஒருவர் இந்நிலையில் என்ன செய்வார் என்பது நமக்குத் தெரியும். அன்று முடிவு கழகத்தின் கையில் இருந்தது. 1936-இல் அவர் அனுப்பப்பட்டது, டிரேக் வந்த அதே சௌத்தாம்ப்டனுக்கு. கால்பந்துச் சந்தைக்கு நகைச்சுவை உணர்வு உண்டு போலும். இரண்டாம் டிவிஷனில் அங்கே ஒரு பருவம் ஆடி, அக்கழகத்தின் அதிகக் கோல் அடித்தவராக முடித்து, 1937-இல் டப்ளின் திரும்பினார்.

ஒரே பெயரில் இரண்டு கடைகள்

இரண்டாவது தவறான புரிதலுக்கு வருவோம். அண்ணன் தம்பி பிரிந்தபின், தாத்தா தொடங்கிய கடையின் பெயரிலேயே எதிரெதிரே இரண்டு கடைகள் நடப்பதைப் பல ஊர்களில் பார்த்திருப்போம். இரண்டு பலகையிலும் அதே பெயர். இரண்டும் தானே அசல் என்று சொல்லும். ஒரே பால்காரர் இரண்டுக்கும் பால் ஊற்றுவார். பால்காரர் கட்சி மாறிவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை.

அயர்லாந்துக் கால்பந்தில் நடந்தது இதுவே. 1880-இல் பெல்ஃபாஸ்டில் தொடங்கிய சங்கம் தீவு முழுவதற்குமான கால்பந்தை நடத்திவந்தது. நாட்டுப் பிரிவினையின் கொந்தளிப்புக்கிடையே, கோப்பை அரையிறுதி ஒன்றின் மறு ஆட்டத்தை டப்ளினில் நடத்தாமல் மீண்டும் பெல்ஃபாஸ்டிலேயே நடத்தச் சொன்னதால் மூண்ட பூசல் உடைவுக்கு வழிவகுத்து, 1921-இல் டப்ளினில் தனிச் சங்கம் உருவானது. 1923-இல் ஃபிஃபா அதை ஏற்றுக்கொண்டது. தெற்கே அமைந்த சுதந்திர நாடு அப்போது ஐரிஷ் சுதந்திர அரசு என அழைக்கப்பட்டது. அந்தப் பெயரில்தான் டப்ளின் அணி ஆடியது. பெல்ஃபாஸ்ட் சங்கமோ தன் அணியை அயர்லாந்து என்றே அழைத்து, தீவின் எந்தப் பகுதியில் பிறந்தவரையும் தேர்ந்தெடுத்துவந்தது. ஆகவே டப்ளினில் பிறந்த ஒருவர் எதையும் மாற்றிக்கொள்ளாமல் இரு அணிகளுக்கும் தகுதி பெற்றார். டன் 1928 முதல் பெல்ஃபாஸ்ட் அணிக்கு 7 ஆட்டங்கள் ஆடி 4 கோல் அடித்தார். டப்ளின் அணிக்கு 15 ஆட்டங்களில் 13 கோல்.

அந்தப் பதினைந்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். முதலாவது 1930-இல் பிரஸ்ஸல்ஸில் பெல்ஜியத்துக்கு எதிராக. பெரும்பான்மை 1936-இலும் அதற்குப் பின்னும், அதாவது அவருடைய மிகச் சிறந்த ஆண்டுகள் கடந்த பிறகு. ஷெஃபீல்டில் ஆண்டுக்கு முப்பது நாற்பது கோல் அடித்த காலத்தில், அந்த ஓர் ஆட்டத்தைத் தவிர, சொந்த நாட்டு அணியில் அவர் இல்லை. காரணம் மீண்டும் அந்தப் பதிவுதான். ஆட்டக்காரரின் மீது முதல் உரிமை கழகத்துக்கு. வேறு நாட்டுச் சங்கம் கேட்டால் அவரை அனுப்பியே தீர வேண்டும் என்று ஆங்கிலக் கழகத்தைக் கட்டாயப்படுத்தும் விதி ஏதும் இல்லை. பெல்ஃபாஸ்ட் சங்கத்துக்கும் சில சமயம் மறுப்பு கிடைத்தது. ஆனால் அது பிரித்தானியச் சங்கங்களின் வட்டத்துக்குள் இருந்ததால் அதன் நிலை சற்று மேல். டப்ளின் சங்கத்தின் ஆட்டங்களோ பெரும்பாலும் ஐரோப்பிய வழக்கப்படி ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தன. சனிக்கிழமை மாலை இங்கிலாந்தில் ஆடி முடித்தவர், இரவு இரயிலும் கப்பலும் ஏறி மறுநாள் டப்ளினில் ஆடி, காயமின்றித் திரும்ப வேண்டும். சம்பளம் கொடுக்கும் கழகம் அதை விரும்பாததில் வியப்பில்லை.

1934 பிப்ரவரி 25, ஞாயிற்றுக்கிழமை, டப்ளின் டேலிமவுண்ட் பூங்காவில் பெல்ஜியத்துக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் 4–4 என முடிந்தது. டப்ளின் அணியின் நான்கு கோல்களையும் அடித்தவர் பேடி மூர். அன்று அந்த அணியில் டன் இல்லை. டப்ளினில் பிறந்து எவர்டனுக்கு ஆடிய அலெக்ஸ் ஸ்டீவன்சனின் நிலை இதைவிட மோசம். டப்ளின் அணிக்காக 1932-இல் ஓர் ஆட்டம். அடுத்த ஆட்டம் 1946-இல். நடுவே பெல்ஃபாஸ்ட் அணிக்காகப் பலமுறை ஆடினார். இவர்களின் தேசப்பற்றை ஆட்ட எண்ணிக்கையால் அளப்பவர்கள், கழகச் செயலாளர் எழுதிய மறுப்புக் கடிதங்களையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதே என் கருத்து.

சுருக்கமாக: இரு சங்கங்கள் ஒரே தீவுக்கு உரிமை கோரின, தெற்கில் பிறந்தவர் இரண்டுக்கும் ஆடலாம், எதற்கு எப்போது ஆடுவார் என்பதைப் பெரும்பாலும் அவர் சம்பளம் வாங்கிய கழகம் முடிவுசெய்தது.

திரும்பிய பின்

1937-இல் ஷாம்ராக் ரோவர்ஸில் ஆடும் பயிற்சியாளராகச் சேர்ந்த டன், 1938-இலும் 1939-இலும் லீக் பட்டம் வென்ற அணியில் இருந்தார். டப்ளின் கழகத்தில் இருந்ததால் நாட்டு அணிக்கு வர இப்போது ஆங்கிலக் கழகம் எதன் அனுமதியும் தேவைப்படவில்லை. அவருடைய கடைசி ஆட்டம் 1939 மே மாதம் பிரேமனில் ஜெர்மனிக்கு எதிராக நடந்தது. அணித்தலைவராக அவர் இறங்கிய அந்த ஆட்டம் 1–1 எனச் சமனில் முடிந்தது. நான்கு மாதங்களுக்குள் போர் மூண்டது.

ஜிம்மி டன் 1949 நவம்பரில், 44-ஆம் வயதில், மாரடைப்பால் இறந்தார். பெல்ஃபாஸ்ட் சங்கம் தெற்கில் பிறந்தவர்களைக் கடைசியாகக் களமிறக்கியது 1950 மார்ச்சில், வேல்ஸுக்கு எதிராக. ஊதிய உச்சவரம்பு 1961-இல் நீங்கியது. அப்போது அது வாரம் 20 பவுண்டாக இருந்தது. தக்கவைப்பு முறை தொழில் செய்யும் உரிமையை நியாயமின்றிக் கட்டுப்படுத்துகிறது என்று, நியூகாசில் யுனைடெட்டுக்கு எதிராக ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் தொடுத்த வழக்கில் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் 1963-இல் தீர்ப்பளித்தார்.